இருநூற்று ஐம்பத்து மூன்று டிகிரி

தடுப்பூசிக் கிடங்கின் வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மலைமேல் முகாமில் தாய்மார் கைக்குழந்தைகளோடு கூடிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது.

குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் நிரலை எழுதியவன் நல்லதம்பி. அவனுக்கு அதைக் கற்பித்தவர் பரிமளம். அன்று சோதனைக்கு வந்திருந்த அவர், திரையைப் பார்த்தார்.

"மூன்றாம் பெட்டிக்கு ஏன் இரவு முழுவதும் வெற்றிடம்?"

"சென்சார் கெட்டுவிட்டது மேடம். அபத்தமான எண்களை அனுப்பியது. நூறுக்கு மேல் எது வந்தாலும் புரோகிராம் தள்ளிவிடும்."

"என்ன எண்?"

"இருநூற்று ஐம்பத்து மூன்று டிகிரி." அவன் சிரித்தான். "குளிர்பெட்டியா, செங்கல் சூளையா?"

பரிமளம் சிரிக்கவில்லை.

"சென்சாரோடு வந்த குறிப்பைப் படித்தாயா?"

"எண்தானே மேடம் அனுப்புகிறது? அதில் படிக்க என்ன இருக்கிறது?"

"அது எட்டு பிட்டில் பேசுகிறது; பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் அதற்கு எண்கள். கழித்தல் குறி போட அதற்குத் தனி எழுத்துக் கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே போனால், உச்சியிலிருந்து எண்ணிச் சொல்லும். ஒரு டிகிரி கீழே என்றால் எதை அனுப்பும்?"

"இருநூற்று ஐம்பத்தைந்து..."

"நிறுத்தாதே. இறங்கு."

"மைனஸ் இரண்டுக்கு, இருநூற்று ஐம்பத்து நான்கு. மைனஸ் மூன்றுக்கு..."

அவன் பார்வை திரையில் மூன்றாம் பெட்டியின் வெற்றிடத்துக்குப் போனது.

ஓட்டுநர் எட்டிப்பார்த்தார். "ஏம்மா, ஏத்தவா வேண்டாமா? முகாம்ல இருந்து போன் மேல போன் வருது."

நல்லதம்பி குரலைத் தாழ்த்தினான். "சென்சார் நிஜமாகவே கெட்டிருந்தால்? நல்ல மருந்தை வீணாக நிறுத்தியவர்கள் ஆவோம். சென்சார் கெட்டாலும் மருந்து உறைந்தாலும் எண் ஒன்றுதானே மேடம்?"

"ஒன்றுதான்."

பரிமளம் மூன்றாம் பெட்டியிலிருந்து ஒரு குப்பியையும் இரண்டாம் பெட்டியிலிருந்து ஒரு குப்பியையும் எடுத்தார். ஒரே கையில் பிடித்து, ஓங்கிக் குலுக்கி, மேசைமேல் வைத்தார். இரண்டும் கலங்கிய பால்போல் நின்றன.

"வித்தியாசமே இல்லையே" என்றான் நல்லதம்பி. அவன் குரலில் நம்பிக்கை எழுந்தது.

"உறைந்து செத்த மருந்து உடனே காட்டிக்கொடுக்காது. பொறு."

வெளியே ஹாரன் அலறியது. இருவரும் திரும்பவில்லை.

மூன்றாம் பெட்டியின் குப்பியில் துகள்கள் திரண்டு அடியில் இறங்கின. மேலே தெளிந்த நீர் நின்றது. மற்றது கலங்கியபடியே இருந்தது.

பரிமளம் ஓட்டுநரிடம் சொன்னார்: "மூன்றாம் பெட்டியை விட்டுவிடுங்கள். மற்றவற்றை மட்டும் ஏற்றுங்கள்."

பிறகு நல்லதம்பியிடம்: "நீயும் வண்டியில் ஏறு. பல பேருக்கு இன்று ஊசி இல்லை என்று அந்தத் தாய்மாரிடம் நீயே சொல்."

அவன் அசையவில்லை.

"எட்டு பிட்டை மட்டும் பார்த்து எப்படி மேடம் கண்டுபிடிப்பது? இது கழித்தல் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லையே."

"எழுதியிருக்காது. எழுதியிருந்தால் உன்னை எதற்கு வைத்தார்கள்?"