நெல்லிக்கோட்டையின் கோணல் நடை

நெல்லிக்கோட்டை அரண்மனையில் எல்லாமே நேர்த்தி. ஒன்றே ஒன்று மட்டும் கோணல். அரசவையிலிருந்து போஜன சாலைக்குப் போகும் நடைதான் அது.

அதைக் கட்டிய கதையே வேடிக்கை. சீக்கிரம் முடிய வேண்டும் என்று மராமத்து அதிகாரி கொற்றப்பர் இரண்டு கொத்தனார்களைப் பிடித்தார். ஒருவர் அரசவைப் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்தார். மற்றவர் போஜன சாலைப் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நடுவில் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கவில்லை. தள்ளித் தள்ளி நின்று, "அண்ணே, எங்கே போறீங்க?" என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் இரண்டையும் முழங்கை மாதிரி மடக்கி ஒட்டினார்கள். அந்த மடக்கில் தளபதியும் ரசப் பாத்திரமும் மோதிக்கொள்ளாத நாளே கிடையாது.

மன்னர் பரிதிவர்மர் ரசத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மாமனார் மழவராயரின் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியாது. மீசைக்குக் கரிசலாங்கண்ணித் தைலம் தடவி, "எனக்கென்ன வயதாகிவிட்டது?" என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்பவர் மழவராயர். மருமகன் வீட்டில் குறை கண்டுபிடிப்பது அவருக்குப் பாயசம் சாப்பிடுவது மாதிரி. போன முறை, இந்த நடை கட்டுவதற்கு முன்பு வந்தபோது, வெண்கொற்றக்குடையில் ஒரு சின்னக் கிழிசலைப் பார்த்துவிட்டார். அன்று முதல் அக்கம்பக்கத்து நாடுகளில் பரிதிவர்மருக்கு 'ஓட்டைக்குடையார்' என்று பெயர்.

அந்த மழவராயர் பௌர்ணமி விருந்துக்கு வருவதாக ஓலை வந்தது.

"இந்த நடையை என்ன செய்வது?" என்று மன்னர் தலையில் கை வைத்தார்.

"நம் ஏடகர் இருக்கிறாரே, அரசே!" என்றார் கொற்றப்பர், தேன் வடிய. "விகடம் பேசித்தானே சம்பாதிக்கிறார்? விகடத்தால் நிமிர்த்தட்டும்!"

ஏடகர் அரசவை விகடர். வம்சத்திலேயே அரண்மனைப் படி ஏறிய முதல் ஆள். உட்கார்ந்திருக்கும்போதுகூட ஆசனம் இன்னும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார். இப்போதும் தடவிப் பார்த்தார்.

"ஏடகரே, சுவரை இடிக்க நாள் இல்லை. புதிதாகச் செய்யவும் நாள் இல்லை. ஆனால் என் மாமா தம் வாயாலேயே, சபையறிய, 'நடை நேராக இருக்கிறது' என்று சொல்ல வேண்டும்!"

"கோணலாக இருப்பதை எப்படி அரசே..."

"அவர் சொல்லாவிட்டால்," என்று கொற்றப்பர் குறுக்கே விழுந்தார், "நீர் நடையைக் கட்ட வேண்டியதுதான்."

மன்னரும் தலையாட்டிவிட்டார்.

ஏடகர் எழுந்தார். "நடையைக் கட்டு... நடையைக் கட்டு..." என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். போனவர் சட்டென்று நின்றார். பிறகு தனியாகவே சிரித்தார்.

யானைக் கொட்டாரத்துக்குப் பின்னால், பழைய அரண்மனையை இடித்தபோது கழற்றிய சாமான்கள் மலையாகக் கிடந்தன. தேக்குத் தூண்கள், பூவேலை செய்த சாளரங்கள், ஒரு காது போன யாளி, பித்தளைக் குமிழ் அடித்த பெரிய கதவு. எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, நடைக்குக் கொண்டுவரச் சொன்னார் ஏடகர். தூண்களை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி நட்டார். மடக்கில் ஒரு வாசல் நிலையை நிறுத்தினார். சாளரங்களைச் சுவரில் மாட்டிப் பின்னால் விளக்கு வைத்தார். கதவை வெறுஞ்சுவரில் சாத்தினார்.

"ஐயா, இதுக்குப் பின்னாலே சுவர்தானே இருக்கு?" என்றார் தச்சர்.

"அதனால்தான் திருடன் வரமாட்டான்!"

நடை திருவிழாக் கோலம் பூண்டது. கொற்றப்பர் வந்து பார்த்தார். "அழகுதான். ஆனால் கோணல் போகவில்லையே?"

"போகவில்லை," என்று ஒப்புக்கொண்டார் ஏடகர். அவருக்குப் பொய் வராது.

பௌர்ணமியும் வந்தது. நடையின் மறுமுனையில், போஜன சாலையில், மன்னரும் சபையோரும் மாலையோடு காத்திருந்தார்கள். மழவராயர் வந்தார். யாளியை அண்ணாந்து பார்த்தார். ஒரு தூணில் இடித்தார். அதைவிட்டு விலகி இந்தப் பக்கம் சாய்ந்தார், இன்னொரு தூண். சுவர்க்கதவை ஒரு தள்ளு தள்ளினார், அது அசையவில்லை. மடக்கைத் தாண்டித் தேர் மாதிரி ஆடி ஆடி வெளியே வந்தார்.

"ஹா ஹா ஹா! மருமகனே, நடை கோணல்!"

மன்னரின் கையில் மாலை தொங்கியது. கொற்றப்பர் முகம் மலர்ந்தது.

ஏடகர் கைகூப்பி முன்னால் வந்தார். முகத்தில் அப்படியொரு இரக்கம். "நாங்களும் பார்த்தோம், பிரபு. சொல்லத்தான் மனம் வரவில்லை."

"எதை?"

"நடை கோணலாக இருப்பதை. இடப்பக்கம் கொஞ்சம் தள்ளுகிறது. வயதானால் எல்லாருக்கும் வருவதுதான். யாரங்கே! கைத்தாங்கலுக்கு இரண்டு பேர் ஓடி வாருங்கள்!"

"யாருக்கய்யா வயதாகிவிட்டது? நான் சொன்னது என்னவென்றால்..."

"மூட்டுக்கு முடக்கத்தான் ரசம் நல்லது, பிரபு. தனியாக வைக்கச் சொல்கிறேன்."

திரைக்குப் பின்னாலிருந்து அரசி களுக்கென்று சிரித்தாள். சொந்த மகள்! மழவராயரின் மீசை துடித்தது.

"நில்லும் எல்லாரும்! இப்போது பாரும் என் நடையை!"

விறுவிறுவென்று திரும்பிப் போனார். மறுபடி வந்தார். இந்த முறை தூண் இருக்கும் இடமெல்லாம் தெரியும். ஒன்றிலும் உரசாமல், நெஞ்சை நிமிர்த்தி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்று மீசையை முறுக்கினார்.

"பார்த்தீர்களா? நடை நேராக இருக்கிறது! கோணல் என்று எவன் சொன்னான்?"

சொன்னவர் யார் என்று யாரும் நினைவுபடுத்தவில்லை.

"பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், பிரபு," என்றார் ஏடகர்.

"நடை நேர்! நேர்! நேர்!"

மன்னர் ஓடிப்போய் மாமாவைக் கட்டிக்கொண்டார்.

விருந்து முடிந்து மழவராயர் கண்ணயரப் போனதும் கொற்றப்பர் பாய்ந்து வந்தார். "அரசே, இது மோசடி! அவர் சொன்னது கால் நடையை!"

"என்ன! என் மாமனாரைக் கால்நடை என்கிறீரா?"

"ஐயையோ, இல்லை அரசே! அவர் சொன்னது அவருடைய நடை. நம் நடை இன்னும் கோணல்தான். பேசியபடி ஏடகர் நடையைக் கட்டத்தான் வேண்டும்!"

மன்னர் ஏடகரைப் பார்த்தார். ஏடகர் ஆசனத்தை ஒருமுறை தடவிவிட்டு எழுந்தார்.

"கொற்றப்பர் சொல்வது உண்மைதான், அரசே. நடை கோணல்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது அலங்காரம் மட்டுமே. நடையைக் கட்டிப் பழகியவர் அவர். போன தடவை கொஞ்சம் கோணலாகக் கட்டிவிட்டார். இன்னொரு தடவை கட்டச் சொல்லுங்கள். இந்த முறை நேராக, கோட்டை வாசல் வரைக்கும்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதில் இறங்கியது. "கேட்டீரா, கொற்றப்பரே? கட்டும்!"

பிறகு ஏடகர் பக்கம் திரும்பினார். "அந்தப் பித்தளைக் கதவு இனி உம்முடையது. பின்னால் ஒரு வீடு இருக்கும்படி பார்த்து மாட்டும். வீட்டையும் நானே தருகிறேன்!"