கருநீலக் கிண்ணம்

சீதோன் துறைமுகத்தில் மெலித்தாவின் கண்ணாடிப் பட்டறை இருந்தது. ரோமாபுரிக்காரர்களுக்கான மதுக் கிண்ணங்களை அங்கே ஊதிச் செய்தார்கள். மெலித்தா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். அவளுடைய சீடன் நீகோன் இன்னும் அடிமைதான். குருவைவிட மூத்தவன். தாடி நரைத்த பிறகுதான் கண்ணாடி ஊதும் குழலைத் தொட்டான்.

பகலில் பட்டறை. மாலையானால் அவன் தன் எஜமான் கல்வுஸின் விருந்துகளில் மது ஊற்ற வேண்டும்.

ஒருநாள் கல்வுஸே பட்டறைக்கு வந்துவிட்டார். ஏதோ பெரிய விருந்தாம்.

“எனக்குத் தெளிந்த கண்ணாடியில ஒரு கிண்ணம். விருந்தாளிகளுக்கெல்லாம் கருநீலம். நீகோனே ஊதட்டும். நல்லா வந்தா விருந்தன்னைக்கே அவனுக்கு விடுதலை.”

அவர் போனதும் மெலித்தா கேட்டாள்.

“நல்ல சேதிதானே? ஏன் முகம் தொங்கிப்போச்சு?”

“அம்மா, அவருக்கு மட்டும் நல்ல மது. மத்தவங்களுக்குப் புளிச்ச வண்டல். எஜமானும் அதையேதான் குடிக்கிறார்னு நினைச்சு அவங்க பாராட்டிட்டுப் போறாங்க. நீலக் கிண்ணமானா நிறம் வெளியே தெரியாது.”

“தெரியாட்டி உங்களுக்கு என்ன?”

“ஊத்துற கை என்னோடதாச்சே. அதைப் பாத்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு.”

உலைக்குள் இரண்டு பானைகள். ஒன்றில் உருகிய தெளிந்த கண்ணாடி, மற்றதில் நீலம்.

“எதில குழலை விடட்டும், நீங்களே சொல்லுங்க.”

“ஊதப்போறது நீங்க. நான் யாரு சொல்ல?” என்று மெலித்தா வெளியே போய்விட்டாள்.

 நீகோன் தெளிந்த கண்ணாடி இருந்த பானையில் குழலை விட்டான். கடைசிக் கிண்ணம் வரைக்கும் அந்தப் பானைதான்.

கிண்ணங்களைச் சுற்றிக் கட்டிய வைக்கோல் பொதியை விருந்து தொடங்கும்போதுதான் பிரித்தார்கள். எல்லாமே தெளிந்த கிண்ணங்களாக இருப்பதைப் பார்த்துக் கல்வுஸுக்கு வியர்த்துவிட்டது. விருந்தாளிகள் வந்தாயிற்று, வேறு கிண்ணமோ வேறு மதுவோ தேட நேரமில்லை. நீகோன் வழக்கம்போல ஊற்றினான். கல்வுஸின் கிண்ணத்தில் மாதுளைச் சிவப்பு. மற்றதிலெல்லாம் குட்டைத் தண்ணீர் நிறம்.

தானிய வியாபாரி ஒருவர் தன் கிண்ணத்தைப் பார்த்தார். கல்வுஸின் கிண்ணத்தைப் பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்தார். அப்புறம் யாருமே குடிக்கவில்லை.

எல்லாரும் போனதும் கல்வுஸ் நீகோனைக் கூப்பிட்டார்.

“அந்தப் பொம்பளைதானே பானையை மாத்தினா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ உலையை உடைச்சுட்டு, உன்னை விட்டுடறேன்.”

“சொல்ல மாட்டேன். மாத்தினது நான்.”

“அப்போ அடிமையாவே சாவு.”

காலையில் சாட்டையடி பட்ட முதுகோடு நீகோன் பட்டறைக்கு வந்தான். நடந்ததையெல்லாம் சொன்னான்.

மெலித்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பைத்தியமா உங்களுக்கு? என் பேரைச் சொல்லிட்டுப் போயிருக்கலாமே. உலைதானே, மறுபடி கட்டிக்குவேன்.”

திட்டிக்கொண்டே எண்ணெய் எடுத்து வந்து அவன் முதுகில் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அம்மா, கைக்கு வந்த விடுதலையை நானே தட்டிவிட்டுட்டேனா?”

எண்ணெய் தடவிய கை நின்றது.

“மாட்டேன்னு சொன்னீங்களே, அதுக்கு எஜமான்கிட்ட உத்தரவு வாங்கினீங்களா?”