நிமிர்த்திய இறக்கைகள்

“முடிச்சுட்டேன் அம்மணி. ஆனா என் பையன் அதைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டானுங்க.”

பொன்னுரங்கம் மாஸ்டர் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு முழ நீளத்தில் ஹெலிகாப்டர். பொம்மை என்று சொன்னால் மனிதர் அடிக்க வந்துவிடுவார். நிஜ ஹெலிகாப்டரை அச்சு அசலாகச் சுருக்கி, கடையில் பெட்டியாக விற்கிற பொடிப்பொடி பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பெயிண்ட் அடித்துச் செய்த மாடல்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள். இந்த மாதிரி மாடல் செய்யக் கற்றுக்கொடுப்பவள் அவள். மாணவருக்கோ அவளைப்போல் இரண்டு மடங்கு வயது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஊரில் பாதிப் பேரை விசில் ஊதியே நிமிர்ந்து நிற்க வைத்தவர்.

“கௌதமன் என்ன சொன்னார்?”

“சொல்றதுக்கு அவன் வாயைத் திறந்தாத்தானுங்களே.”

கௌதமன் ஹெலிகாப்டர் ஓட்டியவன். போன மழைக்காலத்தில் அது விழுந்தது. அவன் பிழைத்தான். பக்கத்து இருக்கையில் இருந்த சிநேகிதன் பிழைக்கவில்லை. எலும்பெல்லாம் கூடிவிட்டது, எழுந்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. இவனோ சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். ஒரு வார்த்தை கிடையாது.

அதே ஹெலிகாப்டரைச் செய்து கண்முன்னால் நிறுத்தினால் பிள்ளை எழுந்துவிடுவான் என்று அப்பனுக்கு நப்பாசை. அதற்குத்தான் இந்த வயதில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இத்தனை பாடு.

“‘எந்திரிடா, நிமிர்ந்து உக்காரு, உன் வண்டியைப் பாரு’ன்னேன். அவ்வளவுதானுங்க. எதுல தப்பு விட்டேன், சொல்லுங்க.”

“போட்டோ வெச்சிருக்கீங்களா?”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மைதானத்தில் நிற்கிற ஹெலிகாப்டர்மேல் சாய்ந்துகொண்டு கௌதமன் சிரிக்கிறான்.

ரெஜினா அதைப் பார்த்தாள். பிறகு மாடலின் உச்சியில் இருந்த நாலு இறக்கைகளையும் விரலால் தட்டினாள். நாலும் குச்சிபோல் விறைப்பாக நின்றன.

“பெட்டியைப் பிரிக்கிறப்ப இது இப்படியா இருந்துச்சு?”

“எங்கீங்க! நாலும் கோணிக்கிட்டுத் தொங்குச்சு. செஞ்சவன் கோட்டை விட்டுட்டான். நான்தான் வெந்நீர்ல போட்டு நிமித்தி, மறுபடி தொங்கக் கூடாதுன்னு அடியில கம்பி வெச்சு ஒட்டினேன்.” சொல்லும்போதே மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

ரெஜினா கத்தியை எடுத்தாள்.

“அம்மணி?”

கத்தி கம்பிக்கு அடியில் போயிற்று. பட்டென்று கம்பி பெயர்ந்து விழுந்தது.

“ஐயையோ! என்ன பண்றீங்க!”

அவள் காதில் வாங்கவில்லை. இரண்டாவது கம்பி, மூன்றாவது, நாலாவது. டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைத் தட்டில் ஊற்றினாள். இறக்கைகளைக் கழற்றி அதில் அமுக்கினாள். எடுத்து, நுனிகளைக் கட்டைவிரலால் கீழே வளைத்து, மறுபடி மாட்டினாள்.

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். யாரோ பிள்ளையின் கையை முறிப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“அடப் பாவமே! நல்லா நின்னதைத் தொங்கப் போட்டுட்டீங்களே! உங்களுக்கு என்ன கேடு செஞ்சேன்?”

ரெஜினா போட்டோவை அவர் பக்கம் தள்ளினாள்.

“பாருங்க.”

பார்க்க என்ன இருக்கிறது? இந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்துத்தானே செய்தார். கதவில் இருந்த கீறல்வரை அவருக்கு மனப்பாடம்.

பார்த்தார்.

சிரிக்கிற பிள்ளையின் தலைக்குமேல் இறக்கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நாலும்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் தொங்கின.

“இது... விழுறதுக்கு முந்தி எடுத்ததுங்களே.”

“ஆமா.”

“அப்பவே தொங்குது.”

“சுத்துறப்ப தானா தூக்கிக்கும் மாஸ்டர். தரை இறங்கி நிறுத்திட்டா தன் பாரத்துல தொங்கும். எல்லா ஹெலிகாப்டரும் அப்படித்தான். நீங்க செஞ்சது இன்னும் வானத்துலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு.”

“எனக்கு எப்படிங்க கண்ணுல படலை?”

ரெஜினா மாடலைப் பெட்டியில் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“கொண்டுபோய் வைங்க. ஒண்ணும் சொல்லாதீங்க.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

வாழ்நாளெல்லாம் கத்தியே பிழைத்த மனிதருக்கு இது என்ன தண்டனை! வழியெல்லாம் வாயை இறுக்கிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி. நாற்காலிமேல் ஹெலிகாப்டர். வைத்துவிட்டு மாஸ்டர் கதவோரம் நின்றார்.

வெகுநேரம் கழித்துப் போர்வை விலகியது.

கௌதமன் பார்த்தான். கையை நீட்டித் தொங்குகிற நுனியைத் தொட்டான்.

“தரை இறங்கிருச்சு,” என்றான்.

எத்தனை மாதம் கழித்துக் கேட்கிற குரல்!

பிள்ளை எழுந்து கட்டிலில் உட்கார்ந்தான். முதுகு கூனி, தோள் இரண்டும் சரிந்து, கை இரண்டும் முழங்காலுக்கு நடுவில் தொங்க, ஓவென்று அழுதான்.

“நிமி...”

மாஸ்டர் சொல்லவந்ததை அப்படியே விழுங்கினார். போய்க் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். தோளைத் தளர விட்டார். முதுகு தானாக வளைந்தது.

கௌதமனின் அழுகை சட்டென்று நின்றது. அப்பா இப்படி உட்கார்ந்து அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

“அப்பா? என்னப்பா ஆச்சு உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லை கண்ணு. தரையிலதானே இருக்கேன்.”