கழலாத பெயர்ப்பலகை

விமானக் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த சமயம். வெண்கொக்கு ஏர்வேஸில் பெரிய அதிகாரியாயிருந்த சக்ரபாணி, கொழுத்த சம்பளத்துக்கு ஆசைப்பட்டுப் போட்டிக் கம்பெனியான செம்பருந்துக்குத் தாவினார். செம்பருந்து வெண்கொக்கை வாங்கியதும் பழைய அறைக்கே மிடுக்காகத் திரும்பி வந்தார்.

"வெண்கொக்கு ஆளுங்களுக்கு விசுவாசமே கிடையாது" என்று ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார். ஆணி, பூட்டு, கதவு வேலையெல்லாம் பார்க்கும் ரஞ்சிதத்தின் முறை வந்தது.

"ஏம்மா, என் பேர்ப்பலகையை மாட்டு. எத்தனை கம்பெனி சேர்ந்தாலும் பிரிஞ்சாலும் அது கழலக் கூடாது. கழண்டா உன் வேலை போச்சு."

ரஞ்சிதம் கதவைத் தடவினாள். கதவு உடம்பெல்லாம் பழைய திருகாணி ஓட்டை; அதில் இரண்டு முன்பு அவர் பலகை போட்டதுதான். மூலையில் அவருடைய சூட்கேஸ் நின்றது.

"ஆகட்டும் சார்."

மறுநாள் சக்ரபாணி செம்பருந்து சேர்மனோடு வந்தார். கதவு மொட்டையாக இருந்தது.

"எங்கடி என் பேர்?"

"'டி' எல்லாம் வேணாம் சார். உங்க சூட்கேஸ்ல நாலு திருகாணி போட்டு முறுக்கியிருக்கேன்."

"கொழுப்பா?"

"கதவு இங்கயே நின்னுடும் சார். எல்லாக் கம்பெனிக்கும் உங்ககூட வர்றது சூட்கேஸ் ஒண்ணுதானே?"

சேர்மனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்க சொன்னதைத்தானே செஞ்சிருக்காங்க! இவங்க வேலையில இருக்கட்டும்."

அடுத்த மழைக்குள் சக்ரபாணி மூன்றாவது கம்பெனிக்குப் பறந்தார். அவர் சூட்கேஸை உருட்டிக்கொண்டு படியிறங்குவதை ரஞ்சிதம் நிமிர்ந்து நின்று பார்த்தாள். தடதடவென்று அத்தனை படியிலும் இடித்தும், பலகை இம்மியும் ஆடவில்லை.