வேலம்பாசி நீண்டு மெலிந்த கதை

அந்தக் காலத்தில், மீனும் செடியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசி வாழ்ந்தபோது, ஒரு குளத்தின் அடியில் வேலம்பாசி என்ற நீர்ச்செடி குடியிருந்தாள். குட்டையாக, அடர்த்தியாக, வேர் முதல் நுனி வரை இலை தழைத்திருப்பாள். அவளுடைய மடியில்தான் கெண்டைகள் குஞ்சு பொரித்தன. சேற்றை அவள் இறுகப் பிடித்திருந்ததால் தண்ணீர் பளிங்காய்த் தெளிந்திருந்தது.

ஆனால் தண்ணீர் மொள்ளக் குடத்தோடு வரும் சடைச்சி என்ற பெண், மேலே மலர்ந்திருக்கும் அல்லியைத்தான் கொஞ்சுவாள். "உன்னாலதான்டி இந்தக் குளத்துக்கே அழகு" என்பாள். கீழே வேலம்பாசிக்கு வயிறு எரியும். 'தண்ணியைத் தெளிய வைக்கிறவ நான், பேர் வாங்குறவ அவளா?'

ஒரு நாள் கரையில் வளை தோண்டும் நண்டைக் கூப்பிட்டாள்.

"நண்டண்ணே, கரைக்கு அந்தப் பக்கம் சடைச்சி வீட்டு எருக்குழி இருக்கு. அதுவரைக்கும் வளையைத் தோண்டிவிடு. அந்த எருச்சாறு வந்தாப் போதும், அல்லிக்கு மேலே வளர்ந்து காட்டுறேன்."

"தண்ணியிலே கலந்தது உனக்கு மட்டுமாம்மா வரும்?"

"தோண்டுண்ணே. அந்த அல்லி மூஞ்சி சுண்டிப்போறதை நான் பார்க்கணும்."

நண்டு தோண்டியது. அடுத்த மழையில் எருச்சாறு குளத்தில் இறங்கியது. சில நாள் வேலம்பாசி கொழுத்துச் செழித்தாள். ஆனால் கண்ணுக்கே தெரியாமல் மிதந்து திரிந்த பச்சைத் துகள்களும் அதையே குடித்தன. ஒன்று நூறாகி, நூறு கோடியாகி, அவள் இலைகளில் வழுவழுவென்று படிந்தன. குளம் பச்சைக் குழம்பானது. வெயில் அடிவரைக்கும் வரவில்லை.

வெளிச்சத்துக்காக வேலம்பாசி எம்பினாள். எம்ப எம்பத் தண்டு நூலாய் மெலிந்தது; கீழ் இலைகள் அழுகி உதிர்ந்தன. கெண்டைகள் ஒதுங்க இடமின்றிப் போய்விட்டன. ஒருவழியாக நீருக்கு மேலே தலை நீட்டினாள். பக்கத்திலேயே அல்லி, மிதக்கும் இலைகளில் வெயில் பட்டு, வாடாமல் இருந்தாள்.

"தங்கச்சி, நீயா? ஐயோ, இப்படி இளைச்சுட்டியே!"

அந்த இரக்கம் அவளைச் சுட்டது. அதற்குள் சடைச்சி வந்தாள். நாறும் தண்ணீரையும் சிக்கிக் கிடந்த கொடியையும் பார்த்தாள். "இந்தப் பீடையாலதான் குளமே கெட்டுது" என்று கைநிறைய அறுத்துக் கரையில் வீசினாள். கரையில் விழுந்த வேலம்பாசியின் கண்ணெதிரே அந்த நண்டு வளை இருந்தது.

அன்று முதல்தான் எருநீர் இறங்கிய குளங்களில் தண்ணீர் பச்சையாகிறது. வேலம்பாசியும் அடியில் மொட்டையாகி, தொட்டால் அறுந்துவிடும் நூலாய் வெளிச்சம் தேடி மேலே ஏறி வருகிறாள்.