எண் ஏறும் நேரம்

"நெட்வொர்க் கார்டை மாத்திட்டேன். மென்பொருளை மாத்திட்டேன். மூணு தடவை சர்வரை அணைச்சுப் போட்டுட்டேன். பிழை நிக்க மாட்டேங்குது" என்றார் எபனேசர்.

சர்வர் அறையில் உட்கார்ந்து தில்ஷாத் டீயைக் குடித்து முடித்தாள்.

எபனேசருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடம் மென்பொருள் எழுதியவர். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் சர்வர் அறைக்குப் பொறுப்பாக வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

தில்ஷாத்துக்கு முப்பத்து மூன்று. மேலப்பாளையத்துக்காரி. கட்டடம் கட்டடமாகப் போய் கேபிள் இழுப்பவள். எனக்குக் கத்துக்கொடுங்க என்று எபனேசர்தான் அவளிடம் போய் நின்றார். அவள் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. கூப்பிட்டால் வந்தாள்.

கீழே ஸ்கேன் அறையில் எடுக்கும் படம் கேபிள் வழியாக நான்காம் மாடி சர்வருக்கு வரும். அங்கிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். வழியில் சிதைந்து வரும் ஒவ்வொரு துண்டையும் சர்வர் எண்ணி வைத்துக்கொள்ளும். அந்த எண் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

புதன்கிழமை ஒரு பெண்ணின் மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டர் பதினோரு நிமிடம் படத்துக்காகக் காத்து நின்றார். அவள் பிழைத்துவிட்டாள். எபனேசருக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"கேபிளைப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேம்மா. ரெண்டு முனையிலயும் பச்சை லைட்டு எரியுது."

"நடுவுல?"

அவர் கட்டட வரைபடத்தை விரித்தார். அவள் அதை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நடந்து பாத்துட்டு வாங்க."

ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். சீலிங் பலகைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு திரும்பி வந்தார்.

"எங்கயும் அறுபடல. எலி கடிக்கல. மடங்கவும் இல்ல."

"அதுக்குப் பக்கத்துல என்னென்ன இருந்துச்சு?"

கேபிளைத் தவிர வேறெதையும் அவர் பார்த்திருக்கவில்லை.

"ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு கீழ இருந்து ஒவ்வொரு இடமா நில்லுங்க. நான் இங்க திரையைப் பாக்கேன். எண் ஏறும்போது 'இப்ப'ம்பேன். உங்க கண்ணு முன்னால என்ன நடக்குன்னு பாருங்க."

ஸ்கேன் அறை வாசலில் நின்றார்.

"இப்ப" என்றாள்.

ஒரு நர்ஸ் கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான்.

மருந்துக் கடைப் பக்கம் நின்றார். "இப்ப." ஒன்றுமில்லை.

இரண்டாம் மாடிக்கு ஏறி, லிஃப்டுக்கு எதிரே நின்றார். ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளினார்கள். கதவு மூடியது.

"இப்ப."

எபனேசர் நிமிர்ந்தார்.

லிஃப்ட் திரும்பி வந்தது. நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைவிடப் பயந்துபோன புருஷன். கதவு மூடியது.

"இப்ப."

சாப்பாட்டுத் தள்ளுவண்டி. "இப்ப."

வெள்ளைத் துணியால் முகம்வரை மூடிய ஒரு ஸ்ட்ரெச்சர். பின்னால் செருப்பில்லாமல் இரண்டு பேர். லிஃப்ட் கீழே இறங்கியது.

"இப்ப" என்றாள் தில்ஷாத், நான்காம் மாடியிலிருந்து, அவர்கள் யாரையும் பார்க்காமல்.

எபனேசர் ஓடிப்போய் ஏணியைக் கொண்டுவந்தார்.

சுவரில் சாய்த்து ஏறி, சீலிங் பலகையைத் தள்ளினார். லிஃப்ட் மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கனத்த கறுப்பு ஒயரும், விரல் பருமன்கூட இல்லாத அவருடைய நீல கேபிளும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, மாடி மாடியாக மேலே போயின. முதல் தடவையும் இதே இடத்தில் இதே ஏணியில்தான் நின்றிருந்தார்.

உள்ளங்கையை வைத்தார். லிஃப்ட் கிளம்பியது. கறுப்பு ஒயர் லேசாக அதிர்ந்தது.

"இப்ப."

லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் அந்த ஒயரில் பாயும் மின்சாரம்தான், ஒட்டிக்கிடந்த நீல கேபிளில் போகும் படத்தைச் சிதைத்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அடுத்த தடவையும், அதற்கடுத்த தடவையும் அப்படியே நின்றார். சில தடவை அவளுக்கு முன்னாலேயே அவர் வாய் "இப்ப" என்றது.

"அண்ணாச்சி, கண்டுபிடிச்சாச்சுல்லா? இறங்குங்க" என்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

சாயங்காலத்துக்குள் இருவருமாகக் கட்டை அவிழ்த்து, நீல கேபிளை எதிர்ச் சுவர் வழியாகக் கொண்டுபோனார்கள். எபனேசர் சர்வர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்று நின்றது.

"பழசை அழிச்சுட்டு பூஜ்யத்துல இருந்து பாருங்க" என்றாள் தில்ஷாத்.

அவர் விரல் விசைமேலேயே நின்றது. நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் அந்தப் பெரியவர் இருந்தார். அந்தக் கர்ப்பிணி இருந்தாள். செருப்பில்லாத அந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

அழுத்தினார். பூஜ்யம்.

வெளியே லிஃப்ட் மணி அடித்தது. கதவு திறந்தது, மூடியது. படங்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. பூஜ்யம் அசையவில்லை.

எபனேசர் திரையைக் காட்டினார்.

"இனிமே யாரு ஏறுதாங்க, யாரு இறங்குதாங்கன்னு இதுக்குத் தெரியவே தெரியாதுல்லாம்மா?"

தில்ஷாத் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இதுக்கு எதுக்கு அண்ணாச்சி தெரியணும்?"