பூரணவல்லியின் அடுப்பு

வெகுகாலத்துக்கு முன்னே, ராஜாக்கள்கூட அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிய காலத்தில், மருதந்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே ஒரு புடவை வியாபாரியின் மனைவி பூரணவல்லி. அவளுக்குப் புருஷன் மேல் பிரியம் உண்டு, பிள்ளைகள் மேலும் பிரியம் உண்டு. ஆனால் உயிரையே வைத்திருந்தது அடுப்பின் மேல்தான்.

தினமும் சாணமும் செம்மண்ணும் குழைத்து அடுப்பை மெழுகுவாள். நேற்று மெழுகியதன் மேலேயே இன்றும் மெழுகுவாள். காய்ந்ததும் மாக்கோலம் போடுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து மூக்கில் விரலை வைப்பார்கள். அடுப்பு வாயில் சிந்திய சாம்பலைக் கூட்டி எடுப்பாளே தவிர, உள்ளே கிடப்பதை அள்ளமாட்டாள். அள்ளினால் கோலம் கலைந்துவிடும் அல்லவா?

ஒரு நாள் அடுப்பு புகைந்தது. காற்றின் குற்றம் என்று ஜன்னலைச் சாத்தினாள். புகை போகவில்லை. பானையின் குற்றம் என்று புதுப்பானை வாங்கினாள். அப்போதும் போகவில்லை. வியாபாரி இருமிக்கொண்டே சாப்பிட்டார், இருமிக்கொண்டே கடைக்குப் போனார். கடைசியில் அவள் விறகின் குற்றம் என்று முடிவு கட்டினாள்.

விறகு கொண்டுவந்து போடுகிறவன் விருமாண்டி. அவன் தண்ணீர் தெளித்த விறகை விற்கிறான் என்று ஊர்த்தலைவரிடம் அவள் முறையிட்டாள். அந்த ஊரில் சரக்கில் ஏமாற்றுகிறவன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். விருமாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"கோடை முழுக்க வெயில்ல காஞ்ச வெறகு தாயி. ஈரம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல" என்றான்.

"என் அடுப்ப வந்து பாத்துட்டுப் பேசு" என்றாள் அவள்.

தலைவர் போய்ப் பார்த்தார். கோலம் போட்டுப் பளபளவென்றிருந்த அந்த அடுப்பை யார் சந்தேகப்படுவார்கள்? பொழுது சாய்வதற்குள் விருமாண்டி ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

உச்சி வெயிலில் விருமாண்டியின் மனைவி காத்தாயி வந்தாள். போகிற வழியில் பிள்ளைகளுக்குப் பசிக்கும், வேண்டாத அந்த விறகைக் கொடுத்தால் கஞ்சி காய்ச்சிக்கொள்வேன் என்று கேட்டாள். பூரணவல்லியும் கொடுத்தாள். எதிரே வேப்பமரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி காத்தாயி தீ மூட்டினாள்.

பூரணவல்லி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். அதே விறகு. சுடர் நிமிர்ந்து எரிந்தது, புகையே இல்லை.

உள்ளே ஓடி அடுப்புக்குள் கையை விட்டாள். மணிக்கட்டுக்கு மேல் கை போகவில்லை. அவ்வளவு சாம்பல். பானையைத் தாங்கும் குமிழ்கள் மூன்றும் மெழுகிய மண்ணுக்குள் புதைந்து, பானை அடுப்புக்கு மூடிபோல உட்கார்ந்திருந்தது. தீ எப்படி மூச்சுவிடும்?

கையைக் கழுவிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அவர்கள் போய்விடுவார்கள். ஊர் தன் அடுப்பைப் புகழ்ந்துகொண்டே இருக்கும். இப்படியெல்லாம் அவள் நினைக்கத்தான் செய்தாள். தண்ணீர்க் குடத்தடிக்கும் போனாள். அங்கே நிற்க முடியாமல் வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. சாம்பல் கையோடு தெருவில் இறங்கி நடந்தாள். ஊரே பார்த்தது.

"ஐயா, வெறகுல ஈரம் இல்ல. என் அடுப்புலதான் சாம்பல்" என்று தலைவரிடம் சொன்னாள்.

தலைவர் தீர்ப்பை மாற்றினார். பொய்ப்புகார் சொன்னவளுக்கு என்ன தண்டனை கேட்கிறாய் என்று விருமாண்டியை விசாரித்தார்.

"அந்த அடுப்ப நல்லாக்கி, என் வெறக வச்சு, எங்களுக்கு ஒரு வேளை சோறு போடச் சொல்லுங்க. தின்னுட்டு வீட்டுக்குப் போறோம்" என்றான்.

பூரணவல்லி தன் கோலத்தைத் தானே உடைத்தாள். மெழுகிய மண்ணைப் பெயர்த்தாள், சாம்பலைக் கூடை கூடையாக அள்ளினாள், குமிழ்களை உயர்த்திக் கட்டினாள். மண் காய்ந்ததும் விருமாண்டியின் விறகை வைத்து உலை ஏற்றினாள். விருமாண்டியின் பிள்ளைகள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். புகை துளிகூட இல்லை. இருந்தும் பரிமாறும்போது அவள் கண்களில் நீர் வழிந்தது.

ஆகவே, கேட்டவர்களே, அடுத்தவர் விறகைக் குறை சொல்லுமுன் அவரவர் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பார்க்க வேண்டும்.